ரூம்மேட் ஒப்பந்தம் தயாரித்துத் தரும் இணையச் சேவை: எதற்குக் காசு கொடுக்கலாம், எதை நாமே எழுத வேண்டும்

வாடகை வீட்டை இன்னொருவருடன் பகிர்ந்துகொள்ளப் போகிறவர்கள் தேடிப் பார்த்தால், ரூம்மேட் ஒப்பந்தத்தை, அதாவது ஒரே வீட்டில் இருப்பவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தை, தயாரித்துத் தரும் இணையச் சேவைகள் வரிசையாக வந்து நிற்கும். அதில் ஒன்றை நாங்கள் மூன்று பேர் காசு கட்டி எடுத்தோம், அதில் கையெழுத்துப் போட்டு ஒரே வீட்டில் இருந்தோம், நடுவில் ஒருவர் காலி செய்துவிட்டுப் போய் வேறொருவர் வந்தார். அதனால் அந்தத் தாள் எந்த இடத்தில் தாங்கியது, எந்த இடத்தில் கைவிட்டது என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சேவையின் பெயரைச் சொல்லவில்லை, இதே வகையில் நான் பார்த்த மற்றவையும் ஏறக்குறைய இதே அச்சில்தான் இருக்கின்றன, குறையும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்கும் கேள்விகளுக்காக இதை வாங்கலாம். ஆனால் ஒருவர் வீட்டை விட்டுப் போவதைப் பற்றி அது எழுதித் தரும் பகுதியை அப்படியே நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள், அதை நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள்.

நடைமுறை இப்படி. ஒருவர் கணக்கு திறந்து வீட்டு விவரம், வாடகை, அட்வான்ஸ் எல்லாம் போடுகிறார். மற்றவர்களுக்கு லிங்க் போகிறது. ஒவ்வொருவரும் தனித்தனியாக, அடுத்தவர் என்ன சொன்னார் என்று பார்க்காமல், பதில் சொல்ல வேண்டும். எல்லோரும் முடித்த பிறகுதான் எல்லாப் பதில்களும் பக்கத்தில் பக்கத்தில் திறக்கும், ஒத்துப்போகாத இடங்கள் மஞ்சளில் தெரியும். கொடுத்த காசு முழுவதும் இந்த ஒரு வசதிக்கே சரியாகிவிட்டது என்று நினைக்கிறேன். எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போது முதலில் பேசுகிறவர் சொன்னதற்கே மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் என்றால் இன்னும் மோசம், எல்லோரும் நல்லவராகத் தெரிய வேண்டும் என்று எதற்கும் சரி சரி என்பார்கள். தனியாகப் போனில் பதில் சொல்லும்போது அந்தத் தயக்கம் இல்லை.

வெளியாட்கள் இரவு தங்குவது பற்றிய கேள்வியில் எங்களுக்கு இது நன்றாகத் தெரிந்தது. ஒருவர் ‘வாரத்துக்கு 1 இரவு போதும்’ என்று போட்டிருந்தார், இன்னொருவர் ‘எத்தனை நாள் வேண்டுமானாலும்’, நான் ‘முன்கூட்டியே சொன்னால் சரி’ என்று போட்டிருந்தேன். மூன்று பதிலையும் ஒரே திரையில் பார்த்ததும் முதலாமவர், “நீங்க இப்படி நினைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க” என்றார். அதற்குப் பிறகுதான் உண்மையான பேச்சே ஆரம்பமானது. கடைசியில் தொடர்ந்து 3 இரவுக்கு மேல், அல்லது மாதத்தில் மொத்தம் 6 இரவுக்கு மேல் யாராவது தங்குவதாக இருந்தால் மற்ற இருவரின் சம்மதம் வேண்டும், அந்த மாதத் தண்ணீர், மின்சாரக் கட்டணத்தில் ஒரு தலை கூட்டிப் பிரிக்க வேண்டும் என்று எழுதினோம். இதை எழுதும்போது ஹவுஸ் ஓனருடன் போட்ட வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். பல வாடகை ஒப்பந்தங்களில் விருந்தாளி எத்தனை நாள் தங்கலாம் என்று வரம்பு இருக்கும், அதைத் தாண்டினால் அவர் விருந்தாளியாக இல்லாமல் குடியிருப்பவராகக் கணக்காகிவிடுவார், அதற்கு நீங்கள் எல்லோரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அமைதி நேரம் பற்றிய பகுதி சுமார்தான். இரவு 10 முதல் காலை 7 வரை என்று அதுவே போட்டு வைத்திருக்கிறது, நேரத்தை மாற்றலாம், ஆனால் ஒரே ஒரு நேர இடைவெளிதான் கொடுக்க முடியும். எங்களில் ஒருவருக்கு நைட் ஷிஃப்ட், அவர் தூங்குவது பகலில். அவருடைய தூக்கத்துக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. ‘கூடுதல் குறிப்பு’ என்ற கட்டத்தில் கையால் அடித்துச் சேர்த்தோம், சேர்ந்தது என்னவோ சேர்ந்தது, ஆனால் இப்படி ஷிஃப்டில் வேலை செய்கிறவர்களும் வீட்டைப் பகிர்ந்துகொள்வார்கள் என்பது இதை உருவாக்கியவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

வீட்டு வேலைப் பட்டியலுக்கு அவ்வளவு பெரிய அட்டவணை தேவையே இல்லை. கிழமை வாரியாக யார் எதைச் செய்வது என்று கட்டம் கட்டமாகத் தருகிறது, ஒரு வாரம் யாராவது ஊருக்குப் போனால் அட்டவணை அங்கேயே நின்றுவிடும். ‘சமையலறையைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்’ என்று எழுதுவதும் வீண், சுத்தம் என்றால் என்ன என்பதில்தானே சண்டையே வருகிறது. ‘பயன்படுத்திய பாத்திரம் அன்று இரவு தூங்கப் போவதற்குள் கழுவி வைக்கப்பட வேண்டும்’ என்று எழுதினால் அதில் விவாதிக்க ஒன்றும் இல்லை. அவ்வளவு போதும்.

இனி பணம். வாடகையைப் பிரிக்க இந்தச் சேவை மூன்று வழி தருகிறது: சமமாக, அறையின் பரப்பளவுப்படி, அல்லது நீங்களே தொகையைப் போட்டுக்கொள்வது. சமமாகப் பிரிப்பது ஒரே மாதிரி அறைகள் இருக்கும் வீட்டுக்குச் சரி. பரப்பளவு கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் வெளிச்சம் வராத பெரிய அறையும் பால்கனி வைத்த நடுத்தர அறையும் இருந்தால் சதுர அடி என்ன சொல்லும்? ஒருவருக்கு இணைந்த குளியலறை முக்கியம், இன்னொருவருக்கு ஜன்னல் முக்கியம், மூன்றாமவருக்கு வாடகை குறைந்தால் எந்த அறையும் சம்மதம். இந்த வித்தியாசத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

இதற்குக் கணிதத்தில் நல்ல விடை இருக்கிறது. பிரான்சிஸ் சூ என்ற கணிதவியலாளர் 1999-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், 1928-ல் ஸ்பெர்னர் நிறுவிய ஒரு துணைத்தேற்றத்தைக் கொண்டு, சில எளிய நிபந்தனைகள் பொருந்தினால், அடுத்தவர் அறை அந்த விலைக்கு எனக்குக் கிடைத்திருக்கலாமே என்று யாருக்கும் தோன்றாதபடி அறைகளையும் வாடகையையும் பிரிக்க முடியும் என்று காட்டினார். 2014-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஸ்பிளிடிட் என்ற தளம், ஒவ்வொரு அறைக்கும் எவ்வளவு தரத் தயார் என்று ஆளாளுக்குக் கேட்டு, அதே மாதிரி பொறாமைக்கு இடமில்லாத பிரிவினையைச் சாதாரண மக்களும் பயன்படுத்தும்படி செய்து காட்டியது. மூன்று பேர் என்றால் ஒரு தாளிலேயே போட்டுப் பார்த்துவிடலாம், நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

மொத்த வாடகையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் மூன்று அறைக்கும் தாங்கள் தரத் தயாராக இருக்கும் தொகையை, கூட்டினால் 100 வரும்படி, மறைத்து எழுத வேண்டும். பெரிய அறை, பால்கனி அறை, சின்ன அறை என்ற வரிசையில் நான் 40, 35, 25 என்று எழுதினேன். நைட் ஷிஃப்ட்காரர் 49, 29, 22. மூன்றாமவர் 39, 30, 31. யாருக்கு எந்த அறை கொடுத்தால் கூட்டுத்தொகை அதிகம் வருகிறது என்று பார்த்தால், பெரியது நைட் ஷிஃப்ட்காரருக்கு (49), பால்கனி எனக்கு (35), சின்னது மூன்றாமவருக்கு (31), மொத்தம் 115. தேவை 100 தான், மிச்சம் 15, அதை ஆளுக்கு 5 என்று கழித்தால் வாடகை 44, 30, 26 என்று வருகிறது. நான் 35 வரை தரத் தயாராக இருந்த அறைக்கு 30 கொடுக்கிறேன். பெரிய அறை எனக்கு 40 தான் பெறும், அதற்கு 44 கேட்டால் எனக்கு வேண்டாம், சின்ன அறை எனக்கு 25, அதன் விலை 26, அதுவும் வேண்டாம். மற்ற இருவருக்கும் இதே சோதனையைப் போட்டுப் பாருங்கள், யாருக்கும் அடுத்தவர் அறை லாபமாகத் தெரியாது. ஆளுக்குச் சமமாகக் கழிப்பது எல்லா எண்களுக்கும் இப்படி அழகாக அமையாது, சில சமயம் விலையைக் கொஞ்சம் மேலே கீழே நகர்த்த வேண்டியிருக்கும், அதனால் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். நாங்கள் இருந்த காலம் முழுக்க அறை வாடகை பற்றி ஒரு வார்த்தை மனக்கசப்பு வரவில்லை. காசு வாங்கும் சேவை இதை உள்ளேயே வைத்திருக்கலாம், வைக்கவில்லை, ‘நீங்களே தொகை போடுங்கள்’ என்ற வழியில்தான் நுழைக்க வேண்டியிருந்தது.

பில் விஷயத்தில் படிவம் நன்றாக இருக்கிறது. எந்த இணைப்பு யார் பெயரில், எந்தத் தேதிக்குள் மற்றவர்கள் தங்கள் பங்கைப் போட வேண்டும் என்று தெளிவாகக் கேட்கிறது. மின்சாரம், இணையம் யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் அந்த நிறுவனம் கேட்கும், மற்றவர் பங்கு வரவில்லை என்ற கதை அவர்களுக்குத் தேவையில்லை, அதனால் எல்லா இணைப்பும் ஒரே ஆள் தலையில் விழாமல் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். தினசரிச் செலவுக்கு நாங்கள் ஸ்பிளிட்வைஸ் செயலி வைத்திருந்தோம். சமமாக மட்டுமில்லாமல் சதவீதமாகவும் பங்காகவும் பிரிக்கலாம், யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதைக் குறைந்த பரிமாற்றத்தில் தீர்த்துக் காட்டும். ஆனால் செயலி கணக்கைத்தான் வைத்திருக்கும், விதியை நீங்கள்தான் எழுத வேண்டும். ‘மாதம் முடிந்து 7 நாளுக்குள் பதிவாகாத பொதுச் செலவை அப்புறம் கேட்க முடியாது’ என்ற ஒரு வரியை நாங்கள் சேர்த்தோம், பழைய கணக்கைக் கிளறும் பேச்சு அதோடு நின்றுபோனது.

பொதுவாக வாங்கும் பொருள்கள் பற்றி அந்தச் சேவை கேட்கவே இல்லை. சோபா, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் இதெல்லாம் கூட்டாகக் காசு போட்டு வாங்காதீர்கள் என்பேன். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு சொந்தக்காரர் இருக்கட்டும், சோபா ஒருவர், ஃபிரிட்ஜ் ஒருவர், பட்டியலில் பெயர் எழுதி ஒப்பந்தத்தோடு சேர்த்துவிடுங்கள். அப்படி இருந்தால் போகிறவர் தன் பொருளை எடுத்துக்கொண்டு போகலாம். மூன்றில் ஒரு பங்கு ஃபிரிட்ஜை யாராலும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

இப்போது பெரிய குறைக்கு வருகிறேன். ஒருவர் வெளியேறுவதைப் பற்றி அந்தச் சேவை கொடுத்த பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு வாக்கியம்: வெளியேற விரும்புபவர் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அவ்வளவுதான். முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுப் போனார், சரி, 31-வது நாள் அந்த அறை காலியாக இருக்கிறது, அந்த வாடகையை யார் கட்டுவது? புது ஆளைத் தேடுவது போகிறவர் பொறுப்பா, இருப்பவர்கள் பொறுப்பா? அவர் கூட்டிவரும் ஆளை இருப்பவர்கள் வேண்டாம் என்று சொல்லலாமா, எத்தனை தடவை சொல்லலாம்? அட்வான்ஸில் அவர் பங்கை யார் திருப்பிக் கொடுப்பது? ஒரு வரிகூட இல்லை. கூட்டாக வீடு எடுத்தவர்களுக்குள் பெரிய பணப் பிரச்சினை வருவதே இந்தக் கட்டத்தில்தான், அங்கே இந்தத் தாள் வாயே திறக்கவில்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மூன்று பேரும் சேர்ந்து ஒரே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், பெரும்பாலான இடங்களில் அதன் அர்த்தம் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்பது. அதாவது ஒருவர் பங்கு வரவில்லை என்றால் ஹவுஸ் ஓனர் முழு வாடகையையும் மீதி இருப்பவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். நாங்கள் எங்களுக்குள் 44, 30, 26 என்று பிரித்தது அவரைக் கட்டுப்படுத்தாது, அந்தத் தாளில் அவர் கையெழுத்தே இல்லையே. போகிறவருக்கும் இதே ஆபத்து இருக்கிறது. சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டை விட்டு இறங்கியதால் மட்டும் அவர் பெயர் வாடகை ஒப்பந்தத்திலிருந்து போய்விடாது. ‘இவரை விடுவித்தேன், இவருக்குப் பதில் இவர்’ என்று ஹவுஸ் ஓனர் எழுத்தில் தராத வரை, அவர் போன பிறகு வரும் பாக்கிக்கும் சேதத்துக்கும்கூட அவரைப் பிடிக்க வழி இருக்கிறது. ஒருவர் மட்டும் வாடகைக்கு எடுத்து மற்றவர்கள் அவரிடம் உள்வாடகைக்கு இருந்தால் கதை வேறு, முழுப் பொறுப்பும் அவர் தலையில், மற்றவர்களின் உரிமை அவருடைய ஒப்பந்தத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். ஓனர் சம்மதம் இல்லாத உள்வாடகை என்றால் எல்லோருக்கும் சிக்கல்தான். நீங்கள் இதில் எந்த வகை என்று படிவம் முதல் கேள்வியாகக் கேட்டிருக்க வேண்டும்.

நாங்கள் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு வேறு எழுதினோம். போகிறவர் 45 நாள் முன்பு எழுத்தில் சொல்ல வேண்டும். புது ஆளைத் தேடுவது அவர் வேலை, இருப்பவர்கள் உதவலாம். அவர் கொண்டுவரும் ஆட்களில் 2 பேர் வரை இருப்பவர்கள் காரணம் சொல்லாமல் மறுக்கலாம், 3-வது ஆளையும் மறுத்தால் அன்றிலிருந்து காலி அறை வாடகையில் பாதி மறுத்தவர்கள் கணக்கு. ஆள் கிடைக்கும் வரை, அதிகபட்சம் 60 நாள், போகிறவர் தன் பங்கைக் கட்ட வேண்டும். அட்வான்ஸை ஹவுஸ் ஓனரிடம் கேட்டு வாங்காமல், உள்ளே வருகிறவர் வெளியே போகிறவருக்குக் கொடுத்துவிடுவது, அதற்கு முன் எல்லோரும் சேர்ந்து அறையை நடந்து பார்த்து, சேதம் இருந்தால் அங்கேயே கழித்துவிடுவது, இந்த மாற்றத்துக்கு ஓனரின் எழுத்துச் சம்மதம் வாங்குவது.

மூன்றாமவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தபோது இந்தப் பக்கம்தான் வேலைக்கு வந்தது. முதலில் கூட்டிவந்த ஆள் எங்களுக்குச் சரிப்படவில்லை, வேண்டாம் என்றோம், அவர் முகம் சுளிக்கவில்லை, ஏனென்றால் அந்த உரிமை அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அடுத்து வந்தவர் ஒத்துவந்தார். அறையை நடந்து பார்த்தபோது அலமாரிக் கதவின் கீழ்க் கீல் கழன்று தொங்கியது. குடிவந்த அன்று எடுத்த போட்டோவில் அதே கீல் அப்படியே தொங்குகிறது, ஆகவே கழிப்பதற்கு ஒன்றும் இல்லை என்று ஒரு நிமிடத்தில் முடிந்தது. குடிவரும் அன்றைக்கே அறைக்கு அறை போட்டோ எடுத்து, தேதி தெரியும்படி எல்லோருக்கும் அனுப்பி வையுங்கள். சேவையின் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் இருக்கிறது, ஆனால் ‘விருப்பமிருந்தால்’ என்று போட்டிருக்கிறார்கள். கட்டாயம் என்று போட்டிருக்க வேண்டும்.

‘சட்டப்படி செல்லுபடியாகும் ஒப்பந்தம்’ என்று முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள், அதையும் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். வயது வந்தவர்கள் யோசித்துக் கையெழுத்திட்ட பண விஷயங்கள், வாடகைப் பங்கு, பில் பங்கு, அட்வான்ஸ் பங்கு, இவற்றை வைத்துப் பொதுவாக வழக்காட முடியும். பல நாடுகளில் சிறு தொகைகளுக்கென்றே வழக்கறிஞர் இல்லாமல் போகக்கூடிய நீதிமன்றங்களும் இருக்கின்றன. பாத்திரம் கழுவாததற்கு எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுத மாட்டார். ஹவுஸ் ஓனரின் ஒப்பந்தத்துக்கும் உங்கள் தாளுக்கும் முரண் வந்தால், அவரைப் பொறுத்தவரை அவர் ஒப்பந்தம்தான் நிற்கும். ‘விதியை மீறினால் உடனே வெளியேற்றலாம்’ என்று எழுதி வைத்துக்கொண்டு பூட்டை மாற்றினால், வாடகை ஒப்பந்தத்தில் பெயர் உள்ள ஒருவரை வெளியே தள்ளியதற்கு நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள். மின்னணுக் கையெழுத்து பற்றிச் சிலர் தயங்குகிறார்கள். 2001-லேயே ஐ.நா.வின் வர்த்தகச் சட்ட ஆணையம் அதற்கு மாதிரிச் சட்டம் தந்துவிட்டது, இன்று பெரும்பாலான நாடுகளில் இந்த மாதிரித் தாளுக்கு அது போதும். இருந்தாலும் நாங்கள் ஒரு பிரதி அச்செடுத்துப் பேனாவிலும் கையெழுத்துப் போட்டோம், ஆளுக்கு ஒன்று.

இன்னொரு விடுபட்ட விஷயம் காப்பீடு. வாடகைக்கு இருப்பவர் தன் பொருள்களுக்காக எடுக்கும் குடியிருப்போர் காப்பீடு, பாலிசியில் பெயர் சேர்க்காத ரூம்மேட்டின் லேப்டாப்பையும் சைக்கிளையும் பொதுவாகக் காக்காது. வீட்டில் ஒருவர் எடுத்திருக்கிறாரே என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு கேள்வி சேர்த்தால் தீர்ந்தது, சேர்க்கவில்லை.

கட்டணம் ஒருமுறைதான், மூன்று பேர் பிரித்துக்கொண்டால் சுமை இல்லை. ஆனால் கையெழுத்தான பிறகு தாள் பூட்டிக்கொள்கிறது, ஒரு வரி மாற்ற வேண்டுமென்றால் மறுபடி முழுக் கட்டணம். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆள் மாறுவது பகிர்ந்து வாழும் வீட்டில் சாதாரணம், அதைத் தெரிந்துகொண்டுதான் இந்தத் தொழிலுக்கே வருகிறார்கள். பேச்சில் சங்கடப்படுகிறவர்களும், முன்பின் தெரியாதவர்களோடு குடியேறுகிறவர்களும் முதல் தடவைக்குக் காசு கொடுக்கலாம், அந்தத் தனித்தனிப் பதில் வசதிக்காகவே. ஏற்கெனவே நன்றாகப் பழகியவர்கள், மனம் விட்டுப் பேசக்கூடியவர்கள் என்றால், ஆளுக்கொரு தாளில் பதிலை எழுதி ஒரே நேரத்தில் திருப்பிக் காட்டினாலும் அதே பலன்தான். கல்லூரி மாணவர்கள் முதலில் தங்கள் பல்கலைக்கழக விடுதி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் இலவசப் படிவம் வைத்திருக்கிறார்கள்.

புதிதாக வந்தவரோடு நாங்கள் இரண்டாவது தடவை காசு கட்டவில்லை. பழைய கேள்விகளை வைத்துக்கொண்டு, மூன்று பேரும் புதிதாகப் பதில் எழுதி, கூகுள் டாக்ஸில் தாளைத் திருத்தினோம். அவர் வந்ததும் மாறிய முதல் விதி அமைதி நேரம், அவருக்கும் நைட் ஷிஃப்ட்.